வாய் குடுத்து வாங்கின வள்ளம்

பேர்கன், நோர்வே
ஆவணி மாதம். மழை.

அன்புள்ள மச்சான்,

கடிதமும் இல்லை, போன் எடுத்தாலும் பின்னால "டொக் டொக்" எண்டு ஒரு சத்தம், அங்க என்னதான் நடக்குது எண்டு கேட்டிருந்தாய். உன்ர தங்கச்சி சொன்ன மறுமொழி எனக்குத் தெரியும்: "உங்கட மச்சான் கப்பல் கட்டுறார்." அதில பாதிதான் உண்மை. மிச்சத்தை நான் எழுதுறன்.

எல்லாம் என்ர வாயால வந்தது. போன வருசம் மே 17, இஞ்சத்தைத் தேசிய நாள். பக்கத்து வீட்டுக் கிழவர் கோப்பி குடிக்கக் கூப்பிட்டவர். எண்பது தாண்டின மனுசன். எந்த ஊர் எண்டு கேட்டார். இலங்கை எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடியிருக்கலாம். வல்வெட்டித்துறை எண்டன். அதோடயாவது நிப்பாட்டியிருக்கலாம். எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938 இல அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவில குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போனது எண்டு, மாமா கலியாண வீட்டுப் பந்தியில சொல்லுற அதே ராகத்தில சொல்லிப்போட்டன். மாமா சொன்னால் அதுக்கொரு நியாயம் இருக்கு, கடலில போய் வந்த மனுசன். நான் கப்பல் கட்டின ஊரில பிறந்து, கணக்கு ரியூசனுக்குப் போய், இஞ்ச வந்து பஸ் ஓட்டுறவன். படம் கொழுவ ஆணி அடிச்சாலே சுவர்தான் முதல்ல கீழ வரும்.

கிழவர் எழும்பி என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அடுத்த சனிக்கிழமை ட்ரெயிலரில ஒரு வள்ளத்தைக் கொண்டுவந்து என்ர கராஜ் வாசலில இறக்கினார். தகப்பன்ர வள்ளமாம். பிள்ளையளுக்கு அக்கறை இல்லையாம். "கப்பல் கட்டுற ஊர் ஆள் நீ, உன்னட்டக் குடுத்தால் நிம்மதியாக் கண்ணை மூடுவன்" எண்டார். மச்சான், அதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோட "எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது" எண்டு சொல்லுறது? அண்டையில இருந்து கார் மழைக்குள்ள, வள்ளம் கராஜுக்குள்ள.

வள்ளத்தைப் பற்றிச் சொல்லுறன். பேர்கனுக்குத் தெற்கால ஓஸ் எண்டு ஒரு ஊர். அந்த ஊர் வள்ளத்துக்கு ஒஸெல்வர் எண்டு பேர். இது ரெண்டு சோடித் துடுப்பு வலிக்கிற சின்னன், ஐஞ்சு மீற்றர் வரும். பக்கத்துக்கு மூண்டே மூண்டு அகலப் பலகை. எங்கட வத்தையில பலகையை விளிம்போட விளிம்பு முட்டவைச்சு, இடுக்கில பஞ்சை அடிச்சுக் கலப்பத்துப் பண்ணுவினம் எல்லே? இது அப்பிடி இல்லை. கூரைக்கு ஓடு போடுற மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கும். ஏறின இடத்தைச் செப்பு ஆணியால இறுக்கிறது. இன்னொரு கூத்து, முதல்ல பலகையைக் கட்டி முடிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கு வங்கு வைப்பினம். வீட்டைக் கட்டிப்போட்டுத் தூண் நடுகிற வேலை. ஆனால் அந்த வங்கு முழுக்கத் தானாய் வளைஞ்சு வளர்ந்த கொப்பு. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கட ஓடாவிமார் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரியிறதும் அப்பிடி வளைஞ்ச கொப்புக்குத்தானே.

அந்தக் காலத்தில இந்த வள்ளங்களைத் துண்டு துண்டாக் கட்டுக் கட்டி ஷெட்லாந்துத் தீவுக்கு அனுப்புறவையாம், அங்க போய்ப் பூட்டுறதாம். ஐகியாக்காரன் பிறக்க முதலே உவையள் அந்த வேலையைத் தொடங்கிட்டினம். 1880 இல கொக்ஸ்தாட் எண்ட இடத்தில ஒரு வைக்கிங் கப்பலைத் தோண்டி எடுக்கேக்க அதோட மூண்டு சின்ன வள்ளமும் வந்ததாம். கடைசிச் சின்னன் அசல் என்ர வள்ளத்தின்ர சாடை. அதுக்கு ஆயிரம் வயசுக்கு மேல. ஆனால் உக்கலைப் பார்த்தால் என்ரதுதான் மூப்பு.

உக்கினதுக்குக் காரணம் கடல் இல்லை, மழை. உப்புத் தண்ணி மரத்தை வைச்சிருக்கும், மழைத் தண்ணிதான் தின்னும். பேர்கனில மழைக்கு என்ன குறை? 2006 ஒக்டோபர் கடைசியில தொடங்கி 85 நாள் ஒரு நாளும் விடாமல் பெய்த ஊர் இது. வள்ளத்துக்குள்ள தேங்கி நிண்டு, ஏராவோட ஒட்டின அடிப்பலகை கறுத்து, விரலால அமத்தினால் நல்லா ஊறின தோசை மாதிரிப் போகுது.

நான் கெட்டித்தனமா ஒரு வேலை செய்தன். பலகையளுக்கு நடுவில வெளிச்சம் தெரிஞ்சது. கடைக்குப் போய், குளியலறைக்குப் பூசுற சிலிக்கன் நாலு குழாய் வாங்கி, இடுக்கெல்லாம் வடிவா அடைச்சன். எங்கட கலப்பத்து எண்டு மனசுக்குள்ள ஒரு பெருமை. கிழவர் வந்து பார்த்தார். ஒண்டும் பேசேல்லை. குழந்தையிட்ட இருந்து கத்தி வேண்டுற மாதிரிக் குழாயை மெதுவா என்ர கையில இருந்து எடுத்தார். இந்த வள்ளத்தில இடுக்கை அடைக்கக் கூடாதாம். பலகை தண்ணி குடிச்சு ஊதேக்க அதுக்கு இடம் வேணும். அடைச்சால் ஒண்டில் ஆணி தெறிக்கும், இல்லாட்டிப் பலகை வெடிக்கும். நாலு மணித்தியாலத்தில பூசினதைச் சுரண்ட எனக்கு மூண்டு கிழமை எடுத்தது. போகேக்க கிழவர் "டெ கோர் ப்ரா" எண்டார். எல்லாம் சரிவரும் எண்டு அர்த்தம். இஞ்ச வீடு பத்தி எரிஞ்சாலும் இதைத்தான் சொல்லுவினம்.

பேந்து புதுப் பலகை. பைன் மரம், பதினைஞ்சு மில்லிமீற்றர் தடிப்பு. அணியத்துக்குக் கிட்ட அது முறுகி வளைய வேணும். மரத்தை ஆவியில அவிச்சால் வளையும், ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் எண்டு கணக்கு. கணக்கெண்டால் நான் விடுவனோ? என்ர பலகைக்கு முப்பத்தைஞ்சு நிமிசம் எண்டு பேப்பரில போட்டுப் பார்த்தன். பிளாஸ்ரிக் தண்ணிக் குழாய் ஒண்டை வாங்கி, பலகையை உள்ளுக்கு விட்டு, ஒரு பக்கத்தால ஆவியை ஏத்தினன். உன்ர தங்கச்சி கதவடியில நிண்டு, "புட்டு அவிக்கிறியளோ? தேங்காய்ப்பூப் போட்டாச்சோ?" எண்டு கேட்டாள். அரை மணித்தியாலத்தால பார்த்தால் பலகை ஈர்க்கு மாதிரி நேரா நிக்குது, குழாய் வளைஞ்சு தொங்குது. அவள் சிரிச்ச சிரிப்பு பருத்தித்துறைக்குக் கேட்டிருக்கும்.

ரெண்டாம் தரம் மரப்பெட்டி அடிச்சு அவிச்சன். வெளியில எடுத்தால் ஆற முதல் வளைச்சு இறுக்க வேணும், ஒண்டிரண்டு நிமிசம்தான். நான் ஒரு பக்கம், அவள் மற்றப் பக்கம், கையில கேக் சூளைக்குப் போடுற உறை. "விடாத! விடாத!" எண்டு நான் கத்த, "நீங்கள் உங்கட பக்கத்தைப் பிடியுங்கோ!" எண்டு அவள் கத்த, பலகை வள்ளத்தில ஒட்டிக்கொண்டுது. உண்மையா ஒட்டிக்கொண்டுது, மச்சான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிண்டம்.

அந்த டொக் டொக்குக்கு வாறன். செப்பு ஆணி அடிக்க ரெண்டு பேர் வேணும். வெளியில இருந்து ஆணியை ரெண்டு பலகைக்குள்ளாலயும் விட்டு, ஒரு ஆள் அதின்ர தலையில பாரமான இரும்புக் கட்டியை அமத்திப் பிடிக்க வேணும். மற்ற ஆள் உள்ளுக்கு இருந்து, சின்னச் செப்புத் தொப்பி ஒண்டை ஆணியில இறக்கி, மிஞ்சின நுனியைக் குறட்டால ரெண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, குண்டுத் தலைச் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டிப் பூப்போல விரிக்க வேணும். ஓங்கி அடிச்சால் ஆணி உள்ளுக்குள்ள வளைஞ்சு போகும், அது வெளியில தெரியாது, கடலில தெரியும். ஆணியளுக்கு நடுவில, பலகை ஏறின இடத்தில, தார் தோய்ச்ச கம்பளி நூல். வைக்கிங் காலத்தில இருந்தே இதுதானாம். நான் உன்ர தங்கச்சி மகளுக்குச் சுவெற்றர் பின்ன வைச்சிருந்த நீல நூலை எடுத்திட்டன். அது தனிக் கதை. இப்ப அதை எழுதினால் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாது.

வள்ளத்துக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு இரும்பு பிடிச்சது அவள்தான். இரும்பெண்டால், மகன்ர உடற்பயிற்சிக் குண்டு. 112 ஆணி. மற்றக் கையில போன், போனில நீ. நீ ஊர்ப் புதினம் சொல்ல அவள் சிரிப்பாள், சிரிக்கக் குண்டு விலகும், விலகினால் ஆணி பின்னால தள்ளும். 63 ஆம் ஆணி வளைஞ்சு போனதுக்குக் காரணம் உங்கட கோயில் திருவிழாவில நாதஸ்வரக்காரர் கோவிச்சுக்கொண்டு போன கதை எண்டதை உன்ர பதிவுக்குச் சொல்லி வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில சுத்தியல் தொட ஏலாது. இஞ்ச ஞாயிறெண்டால் நாய் கூடக் குரலைக் குறைச்சுத்தான் குலைக்கும்.

கடைசியாத் தார். பைன் வேரை எரிச்சு வடிக்கிற தாரில லின்சீட் எண்ணெயைக் கலந்து பூசுறது. ஊரில தோணிக்கு மீனெண்ணெய் பூசுறது மணந்தால் இது வாசம். ஆனால் பஸ்ஸில ஏறுற சனம் என்னை மணந்துபோட்டு ஒரு சீற் தள்ளி இருக்கினம். ஒரு கிழவி மட்டும் கிட்ட வந்து, "உன்னில என்ர அப்பாவின்ர வாசம்" எண்டு சொல்லிப்போட்டு இறங்கினா.

இதெல்லாம் முடிச்சு, பத்து நாளுக்கு முன்னம் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டு போனம். கிழவர் பார்த்தார், தடவினார், தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "சரி, இப்ப இதைத் தாட்டு."

எனக்கு நோர்வே மொழி பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சன். பிழைக்கேல்லை. காய்ஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதினால்தான் இடுக்கு மூடுமாம். அதுக்குக் கல்லைப் போட்டு விளிம்பு மட்டும் தண்ணிக்குள்ள இறக்கிக் கொஞ்ச நாள் விட வேணுமாம். பதினைஞ்சு மாசம் தண்ணி போகாமல் இருக்கப் பாடுபட்ட வள்ளத்துக்குள்ள நானே கல்லை வைச்சன். ஒவ்வொரு கல்லுக்கும் உன்ர தங்கச்சி என்ர முகத்தைப் பார்த்தாள்.

அண்டைக்கிருந்து தெருவில ஒரு ஆள் மிச்சமில்லை. கதவைத் தட்டி, தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி, "உங்கட வள்ளம் தாண்டு போச்சு" எண்டு சொல்லுகினம். நான்தான் தாட்டனான் எண்டு சொன்னால் வயசு போன ஆக்கள் தலையாட்டிப்போட்டுப் போகினம். இளந்தாரியள் உன்ர தங்கச்சியைத் தனியாக் கூப்பிட்டு, "அவருக்குச் சுகமோ?" எண்டு கேக்கினம்.

நாளைக்குக் கல்லை எடுத்துத் தண்ணியை இறைச்சுப் பார்க்கப் போறம். கிழவர் வழக்கம் போல டெ கோர் ப்ரா எண்டிட்டார். மாமா கேட்டால், வள்ளம் தண்ணியில இறங்கியாச்சு எண்டு சொல்லு. எவ்வளவு ஆழம் எண்டு கேட்டால் மட்டும் போனை வை.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு.: நீல நிறக் கம்பளி நூல் கொழும்பில கிடைக்குமோ எண்டு விசாரி. தங்கச்சியிட்டச் சொல்லாத.