ஸ்டீரியோவுக்கு ரெண்டு காது போதாது

கிட்டார் வைத்திருப்பவர்களில் வாசிப்பவர்கள் ஒரு வகை. வாசிக்கும் முன் சத்தம் சரியாக அமைய வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. நல்ல பெடல் அமையும்வரை எங்களுக்குக் கை ஓடாது. அமைந்த பிறகு ஓடியதாகவும் சரித்திரம் இல்லை.

கடையில் விற்கும் ஸ்டீரியோ டிலே பெடலின் விலையை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எனவே நானே செய்வதென்று தீர்மானித்தேன். நாமே செய்தால் மிச்சம் என்பது கணவர்கள் காலங்காலமாக ஒப்பித்துவரும் கணக்கு. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டிரில் பிட்டெல்லாம் அதில் ஏறாது. அவை ‘எப்படியும் வீட்டுக்குத் தேவைப்படும்’ என்ற இனத்தில் வரும்.

ரிச்சி தெருவில் நரைத்த தலையோடு ரெசிஸ்டர் கேட்டால் ஒரே கேள்விதான். “பையனுக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்டா சார்?” ஆமாம் என்றுவிடுவது உத்தமம். நான் கிட்டாருக்கு என்றேன். கடைத்தம்பி மூன்று ஜாக்குகளை எடுத்து வைத்துவிட்டு, “ஒண்ணு இன், ஒண்ணு அவுட். இன்னொண்ணு ஸ்பேரா?” என்றார். “ரெண்டு அவுட். ஸ்டீரியோ.” “உள்ளே போறது ஒண்ணுதானே சார்?” அந்தத் தத்துவ விசாரத்துக்குள் இறங்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெடலுக்கு மூளை டெய்ஸி சீட் என்கிற போர்டு. நீளம் சுண்டுவிரல் அளவு, வேகம் 480 மெகாஹெர்ட்ஸ். ஆனால் கிட்டாரை நேராக அதில் செருக முடியாது. கிட்டாரின் பிக்கப் மிக மெலிந்த சிக்னலைத் தருவது, இழுத்தால் சோர்ந்துவிடும். மேல் ஸ்தாயியெல்லாம் மங்கிப்போகும். முன்னால் டிஎல்072 ஆப்-ஆம்ப் ஒன்றை நிறுத்தி, ஒரு மெகாஓம் தடையோடு, பட்டும் படாமலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்னலோ பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும். ஒன்பது வோல்ட் அடாப்டரில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆகவே சமமான இரண்டு ரெசிஸ்டர்களை வைத்து நாலரை வோல்ட்டில் ஒரு பொய்ப் பூஜ்யம் செய்கிறோம். அந்த அடாப்டரும் வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களைப் போல இராது. பெடல் உலகத்தில் நடு முனைதான் நெகட்டிவ். ஏன் என்று கேட்கக் கூடாது, சம்பிரதாயம்.

அலுமினியப் பெட்டியில் கிரில் பட்டறைக்காரர் துளை போட்டுத் தந்தார். பெட்டி எதற்கென்று அவர் கேட்கவில்லை. அவர் வாழ்க.

பிறகு ப்ரோக்ராம். டிலே என்பது நினைவகத்தில் ஒரு நீண்ட வரிசை. விநாடிக்கு 48,000 எண்கள் அதில் வந்து விழும். ஒரு கை எழுதிக்கொண்டே போகும். இன்னொரு கை அரை விநாடி பின்தங்கி, எழுதியதைப் படித்துக்கொண்டே வரும். வரிசை முடிந்தால் தலைப்புக்குத் திரும்பி, பழையதன் மேலேயே எழுத வேண்டியது. போர்டில் 64 மெகாபைட் இருக்கிறது. கணக்குப் போட்டால், ஸ்டீரியோவில் ஏறக்குறைய மூன்று நிமிட எதிரொலி வைக்கலாம். மூன்று நிமிடம் கழித்து என் வாசிப்பு திரும்பி வருவதை யாரும் எதிரொலி என்று ஏற்க மாட்டார்கள். தண்டனை என்பார்கள்.

ஸ்டீரியோவின் அழகே பிங்பாங் டிலேதான். கல்யாண மண்டபத்து வம்பு மாதிரி அது. பெண் வீட்டுப் பக்கம் ஒருவர் சொன்னது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகும், அங்கிருந்து இங்கே திரும்பும், மறுபடி அங்கே. ஒவ்வொரு தடவையும் சற்றுத் தேய்ந்தபடி போனால் பந்திக்குள் அடங்கிவிடும். ஃபீட்பேக் என்ற எண் ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை அப்படித்தான். ஒன்றைத் தாண்டியதோ, ஒவ்வொரு சுற்றிலும் வம்பு பெருத்து, தாலி ஏறுவதற்குள் போலீஸ் வந்துவிடும்.

480 மெகாஹெர்ட்ஸை 48,000-ஆல் வகுத்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் ப்ராசஸருக்குப் பத்தாயிரம் துடிப்பு கிடைக்கிறது. தாராளம்தான். வேலையை 48 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கொடுப்பார்கள். ஒரு கட்டுக்கு ஒரு மில்லிவிநாடி. அதாவது நம் ப்ராசஸர் விநாடிக்கு ஆயிரம் தடவை வேலை பார்த்து, ஆயிரம் தடவை ஓய்வெடுக்கிறது. கிரவுண்ட் ஒயரை ஒழுங்காக இழுக்காவிட்டால் இந்த எழுந்து உட்காருதல் பவர் லைன் வழியே கசிந்து, ஆயிரம் ஹெர்ட்ஸில் ‘ஙீ’ என்று கேட்கும். வேலை பார்க்கிறவர் முனகுவது நியாயம்தான். ஸ்பீக்கரில் முனக வேண்டாம் என்பதுதான் நம் கோரிக்கை.

இந்த ஒரு மில்லிவிநாடி தாமதத்தைப் பற்றி இரவெல்லாம் சண்டை போடும் கிட்டார்காரர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் காற்றில் ஒலி போகும் தூரம் 34 செ.மீ. நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டால் வழக்கு தீர்ந்தது. யாரும் இழுக்க மாட்டார்கள்.

பெடல் வேலை செய்தது. இரண்டு அவுட்டிலும் சத்தம் வந்தது. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆம்ப்.

ரோலண்ட் 1975இல் கொண்டுவந்த ஜேசி-120 ஆம்பில் இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் உண்டென்றும், ஒன்றில் நேர்ச் சத்தமும் மற்றதில் லேசாக அலைபாயும் சத்தமும் வந்து, இரண்டும் அறைக் காற்றில்தான் கலக்கும் என்றும், ஸ்டீரியோவின் மகிமையே அதுதான் என்றும் மனைவியிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏங்க, ஒரு பொட்டியில வர்றதையே அக்கம்பக்கத்துல தாங்க முடியல” என்றாள்.

ஹெட்போனை எட்டாவது படிக்கும் மகளுக்கு மாட்டி, ஒரே ஒரு கார்டை மீட்டினேன். இடம், வலம், இடம், வலம் என்று அது கரைந்து போவதைக் கண்மூடிக் கேட்டாள். “சூப்பர்ப்பா. பாட்டு எப்ப வரும்?”

குடியிருப்புப் பொங்கல் விழாவில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள். ஸ்பீக்கர்களில் ஒன்று கேட்டருகே, மற்றது தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பார்த்ததுமே எனக்கு உடல் சிலிர்த்தது. இவ்வளவு அகலமான ஸ்டீரியோ எவனுக்கு வாய்க்கும்! இரண்டு ஒயரையும் மைக்செட்காரரிடம் நீட்டினேன்.

“ரெண்டு பாக்ஸும் ஒண்ணாதான் ஓடுது சார். கிட்டாருக்கு ஒரு லைன்தான்.”

பிங்பாங், மணப்பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இடது ஒயரை வாங்கிச் செருகினார்.

“அந்த இன்னொண்ணைச் சுருட்டி வெச்சிருங்க சார். கோலப்போட்டிப் பொம்பளைங்க யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்க.”