மாப்ள மேசை செய்யப் போறாக

வாங்க மாப்ள, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது கடையில வாங்குனது. இனிமே நீங்க அதுலல்லாம் உக்காரப்படாது.

மெட்ராஸ் வீட்டுல கதவத் தொறந்ததும் சுவரோரமா நிக்கித மாதிரி ஒரு மர மேசை, அதுவும் ஒங்க கையாலயே செய்யப் போறீகன்னு எம் மவ போன்ல சொன்னா. கன்சோல் டேபிளாம். அதுல சோறு திங்க முடியாது, எழுத முடியாது, சாவியும் பூச்சாடியும் வைக்கலாமாம். டிரில் மெசின் வந்தாச்சாம், வட்ட ரம்பம் வந்தாச்சாம், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, எல்லாம் வந்தாச்சாம். மரம் மட்டுந்தான் இன்னும் வரலையாம். ரொம்பச் சந்தோசம். ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிருவேன்னு வேற சொன்னீகளாம். அதக் கேட்டதும்தான் ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னேன்.

இது லேசுப்பட்ட மேசை இல்ல, தெரியும்ல? பிரான்சு தேசத்துல பதினாலாம் லூயி ராசா காலத்துல அரமனைக்குள்ள நின்ன சாமான். முன்னால மட்டுந்தான் காலு, பின்பக்கத்தச் சுவத்துலயே மாட்டிருவாக. மேல சலவைக்கல்லு, காலு பூராவும் செதுக்கித் தங்கப்பூச்சு. அதுல சாமானா வைக்கப் போறாக? வாரவன் வாயப் பொளக்கணும், அம்புட்டுத்தான். நீங்க அத ஹெல்மெட் வைக்கச் செய்யுதீக. ராசாவ விட நீங்க காரியக்காரர்தான்.

4 அடி நீளம், 1 அடி அகலம், 30 அங்குல ஒசரம். அளவு சரிதான். ஆனா சுவத்த அளந்தீகளே, தரையோரத்த அளந்தீகளா? ஒங்க வீட்டுச் சுவத்தடியில அரை அங்குலம் துருத்திக்கிட்டு டைல்சுப் பட்டி ஓடுது. பின்னங்காலு அதுல முட்டி நின்னுரும். மேசைக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து விழும். சாவி, சில்லறை, கரண்டு பில்லு எல்லாம் அந்தச் சந்துக்குள்ள போயி பல்லிக்குச் சொந்தமாயிரும். மேல்பலகைய மட்டும் பின்னால அரை அங்குலம் நீட்டி விட்டா சந்து அடைஞ்சு போகும். சுவிச்சுப் போர்டு எங்கன இருக்குன்னும் ஒரு பார்வை பாத்துக்கிடுங்க. தெனம் பூச்சாடிக்குப் பின்னால கைய விட்டுத் தடவி லைட்டப் போடுறதுல என்ன கௌரவம் இருக்கு?

மரக்கடைக்குப் போனா தேக்குன்னு ஒண்ண எடுத்துப் போடுவான். நீங்க ஒடனே தட்டிப் பாக்கணும். எதுக்குத் தட்டுதோம்னு ஒங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனாலும் தட்டாதவனுக்கு வெல கூடுதல். தட்டி முடிச்சிட்டுப் பலகையோட வெட்டு மொகத்தப் பாருங்க. கருத்துக் கெடக்குறது வைரம், ஓரத்துல வெளுத்துக் கெடக்குறது வெள்ளை. தேக்கு பேரு வாங்குனது வைரத்தாலதான். வெள்ளைய வண்டு தின்னுட்டு, தின்ன மாவ ஒங்க தரையிலயே கொட்டிட்டுப் போகும்.

வைரத்த விடப் பெரிய சங்கதி ஈரம். அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் நெழல்ல காயணும்னு பழைய கணக்கு. ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம அவசரம், மரத்துக்குக் கெழமையே தெரியாது. அறுத்து இழைச்ச பெறகும் அது காத்துல உள்ள ஈரத்தக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுரும். நீள வாக்குல பெருசா அசையாது, அகல வாக்குலதான் அதோட சேட்டை எல்லாம். ஓரடி அகலப் பலகை நம்ம கரிசக்காட்டுப் பங்குனி வெயில்ல இருந்து ஒங்க ஊரு ஐப்பசி மழைக்குப் போனா ஒரு நூல் வரைக்கும் விரியும். நூலுன்னா முழிக்காதீக, அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. ஒங்க டேப்புல மில்லிமீட்டர்னு மூணு கோடு.

இது தெரியாம நீங்க ஃபெவிகால் டப்பாவக் கவுத்தி மேல்பலகையச் சட்டத்தோட ஒட்டி, பத்தாததுக்கு நாலு மூலையிலயும் திருகாணி முடுக்கி, இனிமே எவன் அசைக்கான்னு இடுப்புல கைய வச்சு நிப்பீக. மழையில பலகை விரியப் பாக்கும், வெயில்ல சுருங்கப் பாக்கும், பசை விடமாட்டேங்கும். ஒரு சித்திரை ராத்திரியில டப்புன்னு பொளந்துக்கிடும். திருடன்னு நெனச்சு எம் மவ எந்திரிச்சு உக்காருவா. அதனால சட்டத்துல திருகாணித் துளைய வட்டமாப் போடாதீக. பலகையோட அகல வாக்குல நீளத் துளையாப் போட்டு, வாசர் வச்சு, அளவா முடுக்குங்க. பிடிச்சும் வைக்கணும், அசைய எடமும் விடணும். எம் மவளோட இத்தன வருசம் குடும்பம் நடத்துத ஒங்களுக்கு இதப் போயி நான் சொல்லணுமா?

புது மரமே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். காரைக்குடியில முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போங்க. பழைய கதவு, தூணு, சாமான்னு வரிசையாக் கடை. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த தேக்கு அந்தப் பக்கம் இன்னும் கைமாறிக்கிட்டுதான் இருக்கு. ஒங்களுக்கு மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே காஞ்சு முடிச்ச மரம். வெல கம்மியா இருக்கும்னு நெனச்சிராதீக, பழசுன்னு எழுதிப் போட்டாலே புதுச விடக் கூடுதல். உள்ள ஆணி ஒளிஞ்சு கெடக்கும், காந்தத்த வச்சுத் தடவிட்டு ரம்பத்த வைங்க. இல்லன்னா ரம்பத்துப் பல்லு பறக்கும். கண்ணாடி வாங்குன காசு அன்னைக்கே செரிச்சிரும்.

எம்புட்டு மரம் வேணும்னு நானே கணக்குப் போட்டுட்டேன். மேல்பலகை, நாலு காலு, சுத்துச்சட்டம், கீழ ஒரு தட்டு, எல்லாம் சேந்து ஒரு கன அடிக்கு முட்டும். சேதாரத்துக்குக் கால் கன அடி. நீங்க ஒண்ணரையா வாங்கிருங்க. எதுக்குன்னு இப்பக் கேக்காதீக.

பசைய நம்பாதீக மாப்ள. அந்தக் காலத்து ஆசாரி வச்சிரப் பசை காச்சுனா தெருவே நாறும். ஆனா அவரு அத நம்பி மேசைய நிறுத்தல. துளையும் அதுக்குள்ள ஏறுத கழுந்தும் எறுகப் பிடிச்ச பெறகு பசைங்கிறது சும்மா சாட்சிக் கையெழுத்து. 1959-ல ஃபெவிகால் வந்துச்சு, ஆசாரிக்கு நாத்தம் போச்சு. ஒங்களுக்குக் கழுந்தே போச்சு. காலோட கனத்துல மூணுல ஒரு பங்கு கழுந்துக்கு விடுங்க. கூடுனா காலு மெலியும், கொறஞ்சா கழுந்து முறியும். மொதத் துளை எப்படியும் கோணலாத்தான் வரும். அந்தக் கால எடுத்துப் பின்பக்கம் போட்டுருங்க. சுவரோட ஒட்டி நிக்கித மேசையில உள்ள பெரிய வசதியே அதுதான். ராசா வீட்டு ஆசாரிக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? பசை காயுறதுக்கு முந்தி மூலைக்கு மூலை டேப்பப் பிடிங்க. ரெண்டும் ஒரே அளவு வரலன்னா மேசை சாஞ்சுக்கிட்டுதான் நிக்கும்.

உப்புத்தாள் 80, 120, 220-ன்னு ஏறிப் போகணும், நார் போற வாக்குலயே. வட்டமாத் தேச்சா இப்பத் தெரியாது, பாலிஷ் போட்டதும் அம்புட்டுக் கோடும் எந்திரிச்சு வந்து வணக்கம் சொல்லும். ஆளிவிதை எண்ணெய் பூசுறதா இருந்தா, பூசுன துணியச் சுருட்டி மூலையில போட்டுராதீக. இதுல கேலி இல்ல. தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப் போடுங்க, இல்லன்னா தண்ணியில முக்கி வைங்க. கால்களோட அடி வெட்டு மொகம், வீடு தொடைக்கிற தண்ணிய உறிஞ்சும். அங்க ரெண்டு கை கூடுதலாப் பூசி ரப்பர் குமிழ் அடிங்க.

பேரன் அதப் பிடிச்சுத் தொங்காம இருக்க மாட்டான். ஒசரம் சாஸ்தி, அகலம் கம்மி, சாஞ்சிரும். ரெண்டு எல் தகடு போட்டுச் சுவத்தோட பிடிச்சிருங்க. லூயி மாட்டுனது அழகுக்கு, நீங்க மாட்டுறது பேரனுக்கு.

ஒண்ணரையில மிஞ்சுத அந்தக் கால் கன அடியா? நல்லவேளை ஞாபகப்படுத்துனீக. ஒங்க அத்தையோட அருவாமனைக் கட்டை பொளந்து கெடக்கு. செஞ்சு குடுக்கச் சொன்னா ஆசாரி கூலி கேக்கான், அநியாயம். மேசை எங்க ஓடிரும், மொதல்ல இதுல கையப் பழக்குங்க. 15 அங்குலம் நீளம், 5 அங்குலம் அகலம், எழுதிக்கிட்டீகளா? கோணலா வந்தாலும் பரவால்ல. ஒங்க அத்தை அதுக்கு மேல உக்காந்துக்கிடுவா, யாரு பாக்கா?