சாளர மீமாம்சை

சுவர் எதற்கு என்று கேட்டால் கூரையைத் தாங்குவதற்கு என்று கொத்தனார் சொல்லுவார். கதவு எதற்கு என்று கேட்டால் திறப்பதற்கும், கடன்காரர் வரும் வேளையில் சாத்திக்கொள்வதற்கும் என்று குடும்பஸ்தர் சொல்லுவார். ஜன்னல் எதற்கு என்று கேட்டால் மாத்திரம், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று எல்லாரும் ஒரே குரலில் விடை சொல்லிவிட்டு, அவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பிரயோஜனத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறார்கள். பார்வை என்னும் அப் பொருள் உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும், ஒருவர் அனுமதியையும் கோராமல் ஓயாது பிரயாணம் செய்கிறது. அந்தப் பிரயாணத்தை ஒழுங்குபடுத்த உலகத்து ஜனசமூகங்கள் இயற்றிய சட்டங்களையும் சம்பிரதாயங்களையும் யந்திரங்களையும் ஒருசேர ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். இவ் வாராய்ச்சியினால் யாருக்கும் யாதொரு லாபமும் கிட்டாதாகையால், இதைப் பூரண நடுநிலைமையோடு செய்ய முடிந்தது.

பூர்வபக்ஷத்தை முதலில் கூறிவிடுகிறேன். அந்தரங்கத்தை மதிக்கும் தேசங்கள் சில, மதியாத தேசங்கள் சில என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவது யாத்திரிகர்களுக்கு வழக்கம். இப் பிரிவினை ஆராய்ச்சிக்கு நில்லாது. தன் வீட்டில் அயலார் பார்க்கத்தகாத மூலை ஒன்றேனும் இல்லாத ஜாதி உலகத்தில் எங்கும் இல்லை. வேற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது: பார்க்கத்தகாததைப் பார்க்காமல் இருப்பதற்கு யாராவது ஒருவர் சிரமப்பட வேண்டுமல்லவா? அந்தச் சிரமம் பார்க்கிறவனுடையதா, பார்க்கப்படுகிறவனுடையதா, ஜன்னலை வைத்துக் கட்டினவனுடையதா என்பதில்தான் தேசத்துக்குத் தேசம் அபிப்பிராய பேதம். இந்தச் சிரமத்துக்குப் பார்வைப் பாரம் என்று பெயர் சூட்டிக்கொண்டு மேலே செல்வோம்.

பார்வைப் பாரத்தைப் பார்க்கிறவன் தலையில் ஏற்றிய தேசத்துக்கு ஹாலந்து உதாரணம். அந்தி மயங்கி விளக்கேற்றிய பிறகு ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம், டெல்ஃப்ட் முதலிய ஊர்களின் வீதிகளில் நடக்கிறவன், தெருவை ஒட்டிய பெரிய கண்ணாடிகளுக்குப் பின்னால் திரை இழுக்கப்படாத கூடங்களையும், சாய்வு நாற்காலியில் புத்தகமும் கையுமாக இருக்கும் கனவானையும், மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்ணும் குடும்பத்தையும், ஜன்னல் விளிம்பில் ஜோடி தவறாமல் வைத்திருக்கும் பூஜாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரிசித்துக்கொண்டே போகலாம். போகலாம் என்பதே விதி, நிற்கலாகாது. நடக்கிற வேகத்தில் கண்ணில் பட்டது குற்றமன்று, காலை நிறுத்திக் கண்ணை ஓட்டியது அநாகரிகம் என்பது எழுதப்படாத அத் தேசத்து தர்மம்.

இதற்குக் காரணம் கூறுவோர் இரு கட்சியினர். மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் திரை போடமாட்டான் என்ற கால்வின் சமயத்தாரின் மனப்பான்மையே இவ் வழக்கமாக உருக்கொண்டது என்பது ஒரு கட்சி. ஜனங்களிடையே மிகப் பிரசித்தமானது இதுவே. சேற்று நிலத்தில் மரக் கம்பங்களை இறக்கி அவற்றின் மேல் எழுப்பிய வீடுகளுக்குச் செங்கல் பாரம் குறையக் குறைய நல்லதென்றும், முகப்பு குறுகி உள்ளே நீண்டுபோகும் வீட்டுக்குள் வெளிச்சம் முன்பக்கமாகத்தான் நுழைய வேண்டுமென்றும், ஆகவே சுவரைக் குறைத்துக் கண்ணாடியைப் பெருக்கினார்கள் என்றும் கூறுவது மற்றொரு கட்சி. அடியேன் பின்னவரைச் சார்ந்தவன். சமயக் கொள்கை ஆன்மாவைத் தாங்கலாம்; செங்கல்லைத் தாங்கியது மரக் கம்பமே.

ஆயினும் ஹாலந்துக்காரர் பிறரைப் பார்ப்பதில் சிரத்தையற்றவர் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். மாடி ஜன்னலுக்கு வெளியே, சட்டத்தில் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்வாகப் பொருத்தி, உள்ளே நாற்காலியில் தைத்துக்கொண்டிருக்கும் அம்மையார் தலையைத் திருப்பாமலே தெருவில் வருவோர் போவோரையும், கீழே கதவைத் தட்டுகிறவரையும் கண்டுகொள்ளும்படியான உபகரணம் அந்நாட்டுப் பழைய வீடுகளில் உண்டு, ஸ்வீடனிலும் அப்படியே. அன்றியும், பக்கத்து மனைக்கு நேராகத் திறக்கும் ஜன்னலை எல்லைக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள், அந்த மனைக்காரர் சம்மதமின்றி வைக்கலாகாது என்று அந்நாட்டு சிவில் சட்டம் கண்டிப்பாக விதிக்கிறது. தெருவில் போகிற அந்நியன் வீடு முழுவதையும் பார்த்துக்கொண்டு போகலாம், பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் பார்க்கலாகாது! முதல் பார்வைக்கு இது முரணாகத் தோன்றினும், யோசித்தால் நியாயம் விளங்கும். அந்நியன் பார்ப்பான், மறப்பான். பக்கத்து வீட்டுக்காரனோ நேற்றுப் பார்த்ததோடு இன்று பார்ப்பதை ஒப்பிடுவான்.

ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கடலைக் கடந்து போவது அரசியல் சரித்திரத்திலும் ஒருமுறை நேர்ந்தது. ஹேக் நகரத்தில் பிறந்த வில்லியம் 1688இல் கடல் தாண்டி வந்து, மறுவருஷம் மனைவி மேரியோடு இங்கிலாந்தின் சிங்காசனம் ஏறினார். அக்காலத்தில் அங்கே அடுப்பு வரி என்று ஒன்று, 1662 முதல் இருந்துவந்தது. ஒரு வீட்டில் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணினாலன்றி வரி போட முடியாது. அடுப்போ வீட்டுக்குள் இருப்பது. ஆகவே வரி அதிகாரி படியேறி, கூடத்தைக் கடந்து, படுக்கையறை வரையில் போய்த் தலையை நீட்ட வேண்டியிருந்தது. சர்க்காருக்கு வரி கொடுப்பதைக் காட்டிலும் சர்க்காருடைய ஆள் படுக்கையறையில் நிற்பதே ஜனங்களுக்குப் பெரிய உபத்திரவமாக இருந்ததால், 1689இல் புது மன்னர் அவ் வரியை எடுத்துவிட்டார். ஏழு வருஷம் கழிந்தது. ஓரம் வெட்டித் தேய்க்கப்பட்ட நாணயங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு புது நாணயம் வெளியிட்டதில் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மறுபடியும் வரி வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் நுழையாமலே வீட்டுக்காரனுடைய ஐசுவரியத்தை அளக்கும் வழி என்ன? தெருவில் நின்றபடி விரல் விட்டு எண்ணக்கூடியது ஜன்னல். இவ்வாறு 1696இல் ஜன்னல் வரி பிறந்தது: வீடு ஒன்றுக்கு 2 ஷில்லிங், 10 ஜன்னலுக்கு மேற்பட்டால் கூடுதலாக 4, 20க்கு மேற்பட்டால் 8.

காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வரி போட்ட அக்கிரமம் என்று இதைச் சரித்திராசிரியர்கள் கண்டிக்கிறார்கள். இவ் வரியை மிச்சப்படுத்த ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்ததும், ஏழைகளுடைய குடியிருப்புகள் இருண்டு புழுங்கி நோய்க்கிடமானதும், 1851 வரையில் இது நீடித்ததும் வாஸ்தவந்தான். ஆனால் நம் சாஸ்திரத்தின் கண்கொண்டு நோக்கினால், அந்தரங்கத்தை மதிக்க வேண்டுமென்ற ஒரே காரணத்தால் ஒரு ராஜ்யம் தன் வரிவிதிப்பின் முறையையே மாற்றிக்கொண்ட அபூர்வ சம்பவம் இதுவென்பது புலப்படும். அதிகாரி உள்ளே வருவதைத் தடுக்க ஜனங்கள் கொடுத்த விலை, வெளிச்சம் உள்ளே வருவது. திறந்த கண்ணாடிகளின் தேசத்திலே பிறந்த மன்னர் கையாலே இது நடந்தது என்பதைக் கவிகள் யாரும் பாடாதது வியப்பே. பிரெஞ்சுக்காரர்களும் 1798இல் கதவையும் ஜன்னலையும் சேர்த்து எண்ணி வரி விதித்து, 1926 வரையில் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் வரி ஒழிந்த பின்னும் ஆங்கிலேயர் ஜன்னலைப் பற்றிய தம் சந்தேகத்தைக் கைவிடவில்லை. பார்வைப் பாரம் பார்க்கப்படுகிறவனுடையது என்பது அவர்களுடைய சித்தாந்தம்; அதற்குச் சாதனம், பகலில் உள்ளிருப்பவருக்குத் தெரு தெரிந்து, தெருவில் இருப்பவருக்கு உள்ளே தெரியாத வெள்ளை வலைத் திரை. இச் சித்தாந்தம் அண்மையில் பெரும் பரீக்ஷைக்கு உள்ளாயிற்று. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடத்தின் புதிய கட்டடம் 2016இல் திறக்கப்பட்டபோது, நகரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று பத்தாம் மாடியில் ஒரு நடைமேடை அமைத்தார்கள். எதிரே, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியே சுவராக அமைந்த ஆடம்பரக் குடியிருப்புகள். வருஷந்தோறும் லக்ஷக் கணக்கில் வந்த ரசிகர்களில் பலர், செயின்ட் பால் ஆலயத்தின் கோபுரத்தைக் காட்டிலும் எதிர்வீட்டுச் சமையலறையே சுவாரசியமானது என்று கண்டு, படம் பிடிக்கவும் கையசைக்கவும் தலைப்பட்டார்கள். வலைத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று கலைக்கூடத்தின் தலைவராக இருந்தவர் யோசனை சொன்னார். குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுக்க, 2019இல் முதல் நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படியே கருதியது. பார்ப்பது தொல்லை என்ற சட்டப் பிரிவுக்குள் வராது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2023இல் உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்ற கணக்கில், வந்துதான் தீரும் என்று குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. எதைப் பார்க்கலாம் என்பதில் ஐந்து பெரிய நீதிபதிகள் ஒருமனப்படாதது இச் சாஸ்திரத்தின் ஆழத்துக்குப் போதிய பிரமாணம்.

பார்ப்பவனையும் நம்பாமல், பார்க்கப்படுபவனையும் வருத்தாமல், அளவுகோலைக் கட்டுகிறவன் கையில் கொடுத்துவிட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1804இன் சிவில் சட்டத்தொகுப்பு நேர்ப் பார்வை ஜன்னலுக்கு எல்லையிலிருந்து 1.90 மீட்டரும், பக்கவாட்டுப் பார்வைக்கு 60 சென்டிமீட்டரும் விட வேண்டும் என்கிறது. அதைவிட அருமையானது, பார்வைக்கான திறப்பு வேறு, வெளிச்சத்துக்கு மாத்திரமான திறப்பு வேறு என்று அது செய்யும் சூட்சுமமான பாகுபாடு. பின்னதை எல்லைச் சுவரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடி திறக்கலாகாது, இரும்புக் கம்பிவலை வேண்டும், தரைத் தளத்தில் 2.60 மீட்டர் உயரத்துக்கும் மாடியில் 1.90 மீட்டருக்கும் கீழே இறங்கலாகாது. அதாவது, சூரியனுக்கு எட்ட வேண்டும், மனிதனுக்கு எட்டலாகாது. முக்காலியின் மேல் ஏறி நிற்கிறவனைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. ஜப்பானிய சிவில் சட்டத்தின் 235ஆம் பிரிவு இன்னும் சுருக்கம்: எல்லைக்கு 1 மீட்டருக்குள் அயல் மனையை நோக்கும் ஜன்னலோ தாழ்வாரமோ வைத்தால் மறைப்பும் நீயே வை.

சிங்கப்பூரார் செய்ததோ முற்றும் நூதனம். புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் 1999இல் ஓடத் தொடங்கிய ஓட்டுநரில்லாத சிறு ரயில், அடுக்குமாடி வீடுகளுக்கு வெகு அருகில் உயரத்தில் செல்வதால், வீடு நெருங்கும் இடத்தில் ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானே மங்கி, வீடு கடந்ததும் தானே தெளியும்படி மின்சார ஏற்பாடு செய்துவிட்டார்கள். கண்ணைத் தாழ்த்திக்கொள்வது என்னும் பண்பாட்டை ஒரு வாகனத்துக்கே கற்பித்துவிட்டவர்கள் இவர்கள்.

நம் தேசத்து நிலைமை கலவையானது. 1882இன் வசதியுரிமைச் சட்டம் 18ஆம் பிரிவின் உதாரணமொன்றில், அயலாருடைய அந்தரங்கத்தைக் கெடுக்கும் புது ஜன்னல் வைக்கலாகாது என்ற வழக்கமுள்ள ஓர் ஊரைக் கூறுகிறது. ஊரின் பெயரைக் கூறவில்லை. வடக்கே பர்தா சம்பிரதாயத்தை முன்னிட்டு அலகாபாத் உயர்நீதிமன்றம் 1888இல் அவ்வழக்கத்தை உரிமையாகவே ஒப்புக்கொண்டது. சென்னை உயர்நீதிமன்றமோ 1866இலேயே, ஆங்கில சம்பிரதாயத்தைப் பின்பற்றி, அயல் வீட்டு ஜன்னல் தன் வீட்டைப் பார்க்கிறது என்பதற்காக வழக்கில்லை என்று கைவிரித்துவிட்டது. கோர்ட்டில் பரிகாரம் கிடைக்காத தமிழர் வேறு பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். கட்டி முடியாத வீட்டின் சாரத்தில் வைக்கோல் பொம்மையும், முடிந்த வீட்டின் முகப்பில் மீசை எழுதிய பூசணிக்காயும் தொங்குகின்றன. மேல்நாட்டார் பார்க்கப்படுவதற்கு அஞ்சுகிறார்கள். நாம் பார்த்தவர் விடும் பெருமூச்சுக்கு அஞ்சுகிறோம். ஆகவே பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறவனும் கட்டுகிறவனும் சௌக்கியமாயிருக்க, பார்வைப் பாரம் முழுவதையும் பூசணிக்காய் சுமக்கிறது. ஆராய்ச்சியின் தொடக்கத்தில் வகுத்த மூன்று பிரிவுகளோடு நான்காவதாக இதைச் சேர்த்துக்கொள்க.

பூசணிக்காயில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேயனுக்குப் பழைய சட்டம் காட்டிய வழி, உன் மனையில் நீ சுவர் எழுப்பி மறைத்துக்கொள் என்பது. இதிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. ஜன்னலின் வழியாக 20 ஆண்டு தடையின்றி வெளிச்சம் பெற்றவன் அதற்கு உரிமையாளனாகிவிடுவான் என்று 1832இன் சட்டம் கூறுகிறது. தம் வெளிச்சம் புராதனமானதென்று அறிவிக்கும் பலகைகளை லண்டன் ஜன்னல்களின் கீழே காணலாம். ஆகவே 20 ஆண்டு பூர்த்தியாகுமுன் அயலான் பலகைத் தட்டியாவது எழுப்பி வெளிச்சத்தை மறித்தாக வேண்டும். இரண்டாம் யுத்தத்தில் குண்டு விழுந்து வெறுமையாய்ப்போன மனைகளின் சொந்தக்காரர்கள், கட்டவும் வழியில்லாமல், தட்டி எழுப்பினால் அதற்கும் நகரமைப்பு அதிகாரிகளின் அனுமதி தேவைப்பட, ஆண்டுகள் ஓடுவதைப் பார்த்துக் கலங்கியபோது, பார்லிமெண்ட் 1959இல் ஓர் உபாயம் செய்தது. மெய்யான சுவர் வேண்டாம். இன்ன இடத்தில், இவ்வளவு நீளத்தில், இவ்வளவு உயரத்தில் ஒரு சுவர் இருப்பதாகப் பாவித்துக்கொள்க என்று உள்ளூர்ப் பதிவேட்டில் எழுதிவைத்தால் போதும். உயரத்துக்கு எல்லையில்லை என்றும் எழுதலாம். அதற்கு முன்னால், பாதிக்கப்படுகிறவர்களுக்கெல்லாம் முறைப்படி அறிவிப்புச் சென்றதாக ஒரு நியாயசபையின் சான்று பெற வேண்டும். இக் கற்பனைச் சுவரின் ஆயுள் ஓராண்டு. அந்த ஓராண்டுக்குள், இல்லாத சுவரால் தன் வெளிச்சம் மறைவதாகக் கருதுகிறவன் கோர்ட்டுக்குப் போய் அதை நீக்கும்படி வழக்காடலாம். அச் சுவர் ஒளி புகாததாக இருக்க வேண்டும் என்று சட்டமே வரையறுத்துவிட்டபடியால், அதில் ஜன்னல் வைத்துக்கொள்வதற்கு மாத்திரம் இடமில்லை.