மாப் கம்பில் ஒரு பெங்குவின்

எங்கள் வீட்டுத் தரையைத் துடைப்பது ஒரு பெங்குவின். 1996-ல் லாரி யூயிங் வரைந்த டக்ஸ், லினக்ஸின் சின்னம். மாநாட்டு டி-ஷர்ட்டில் ஏறி வீட்டுக்கு வந்தது, சாயம் வெளுத்ததும் மாப் கம்பில் ஏறிவிட்டது. "துணி நல்லாத் தண்ணி இழுக்குது" என்றாள் மனைவி. திறமூல உலகத்துக்கு அவள் வழங்கியிருக்கும் ஒரே பாராட்டு அது.

எனக்கு அந்தச் சட்டை எப்படியும் பொருந்தாது. பதிவு மேசையை நான் எட்டுவதற்குள் கல்லூரிப் பையன்கள் எல்லா அளவுகளையும் அள்ளியிருப்பார்கள். மிஞ்சுவது டபுள் எக்ஸ்எல். தொப்பையின் வருங்காலத்தை உத்தேசித்து வாங்கிக்கொள்வேன்.

சென்னை ஐஐடியில் இரண்டாம் சனிக்கிழமை லினக்ஸ் பயனர் குழு, 2019-ல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பைகான், 2023-ல் கொச்சியில் டெப்கான் என்று நான் நீட்டி முழக்கும் அத்தனைக்கும் வீட்டில் ஒரே பெயர்: அப்பா போகிற கல்யாணம். மறுக்க முடியவில்லை. இஸ்திரிச் சட்டை, மத்தியானச் சாப்பாடு, திரும்பும்போது கையில் ஒரு பை. மண்டபத்துக்குள் ஒருவர் கெர்னல் ஷெட்யூலரைப் பற்றித் தொண்டை வறளப் பேசுவார். வெளியே நான் ஸ்டால் ஸ்டாலாக ஸ்டிக்கர் பொறுக்குவேன்.

"எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ சார் யூஸ் பண்றீங்க?"

"ஆர்ச்" என்பேன், கூசாமல். வீட்டில் ஓடுவது உபுண்டு. அதுவும் மச்சினன் போட்டுக் கொடுத்தது.

என் லேப்டாப் மூடியில் டெபியன் சுருளும் பைத்தான் பாம்பும் இடம் பிடிக்க முண்டியடிக்கும். பார்த்தவர்கள் பாதி கெர்னலை நானே எழுதியதாக நினைப்பார்கள். திறந்தால் கரண்ட் பில்.

போன மாநாட்டிலிருந்து திரும்பிய ராத்திரி, மகளுக்குப் பள்ளி பிராஜெக்ட் பிரின்ட் வேண்டியிருந்தது. பிரின்டர் காகிதத்தை உள்ளே வாங்கி, வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்தது. வெறுங்கையோடு நிற்க மனமில்லாமல் வரலாறு சொன்னேன்.

"கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கே பிள்ளையார் சுழி ஒரு பிரின்டர்தான்மா. எம்ஐடியில பழைய பிரின்டர்ல பேப்பர் சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி ஸ்டால்மன்னு ஒருத்தர் புரோகிராமைத் திருத்தி வெச்சிருந்தார். புதுசு வந்துச்சு, அதுவும் சிக்குச்சு. சோர்ஸ் கோடு வெச்சிருந்தவர் தர மாட்டேன்னுட்டார். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1983-ல குனூ திட்டம்!"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவருக்குக் கடைசியில கோடு கிடைச்சுதா?"

"இல்ல."

மகள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். துணைக்குப் போனேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டரை நிறுத்திவிட்டு, என் கழுத்தில் நான் இன்னும் கழற்றாமல் விட்டிருந்த மாநாட்டு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"சார் கம்ப்யூட்டர் லைனா? நம்ம மெஷின்ல தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்டேன்.