தூக்கிக் கட்டிய கார்

திருவள்ளூர் கார் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. 2021-ல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ். ஐரோப்பாவில் அதற்கு ப்ளக்-இன் ஹைப்ரிட் உண்டு, நமக்கு வாய்த்தது டீசல்தான். ஒருவகையில் நல்லது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கன்டெய்னர் லாரி தோண்டிய பள்ளத்துக்கும் ஊரார் எழுப்பிய வேகத்தடைக்கும் நடுவே, பேட்டரியையும் சுமக்கிற வண்டி வயிறு உரசாமல் போகுமா? ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் கொடுத்துத் தூக்கலாம். ஆனால் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து ரப்பர் பூட் கிழியும், வாரன்டிக்காரர் கைவிரிப்பார். இதே சிட்ரோயன் கம்பெனி 1955-லேயே, லீவரைத் தள்ளினால் தானே எழும்பும் டிஎஸ் காரைச் செய்துவிட்டது. இங்கே அதெல்லாம் எதற்கு? பழைய தாரைச் சுரண்டாமலே புதுத் தார் போட்டு நாம் சாலையையே தூக்குகிறோம். அதனால் பள்ளத்தில் நிற்கும் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்க ஆள் இருக்கிறார். காருக்கும் அவரிடமே ஒரு விலை கேட்கலாம்.