நீலச்சட்டை இலக்கியத்துக்கு ஒரு விருது விழா

அமெரிக்காவில் சிறுகதை செத்துவிட்டது என்று அங்கலாய்ப்பவர்கள் அந்நாட்டுக் காவல்துறையின் பத்திரிகைக் குறிப்புகளைப் படித்ததில்லை. சுருக்கம், இறுக்கம், சொல்லாமல் விடும் நயம் எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கிறது. ஒரு கறுப்பினத்தவர் போலீஸ் கையில் செத்துப்போனால், பிணம் சூடு ஆறுவதற்குள் கதை தயார். இத்தனை திறமைக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை கூடப் போர்த்தவில்லை. அந்தக் குறையை நாமே தீர்த்துவிடுவோம்.

முதல் பரிசு, மினியாபொலிஸ் நகரக் காவல்துறைக்கு. 2020 மே 25 சம்பவத்துக்கு அவர்கள் வெளியிட்ட குறிப்பின் தலைப்பே பரிசுக்குரியது: போலீஸ் விசாரணையின்போது மருத்துவக் கோளாறால் ஒருவர் மரணம். கதைச் சுருக்கம் இதுதான். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆசாமி, போதையில் இருப்பதாகத் தெரிந்தது, காரைவிட்டு இறங்கச் சொன்னோம், முரண்டு பிடித்தார், விலங்கு மாட்டினோம், உடம்புக்கு முடியாததைக் கவனித்தோம், ஆம்புலன்ஸ் வரவழைத்தோம், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எவ்வித ஆயுதமும் பயன்படுத்தப்படவில்லை என்றும் ஒரு வரி உண்டு. அதில் பொய்யே இல்லை. முழங்காலை எந்தச் சட்டம் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கிறது?

கதையில் விடுபட்டவை சில்லறை விஷயங்கள். அந்த 'ஆசாமி'யின் பெயர் ஜார்ஜ் ஃபிளாய்ட். கடையில் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ளநோட்டு என்பது புகார். டெரெக் சாவின் என்ற அதிகாரி அவர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தது 9 நிமிடம் 29 விநாடி. மூச்சு விட முடியவில்லை என்று ஃபிளாய்ட் இருபது தடவைக்கு மேல் கதறினார். பேச்சை நிறுத்து, பேசுவதற்கு ஏகப்பட்ட ஆக்ஸிஜன் வேண்டும் என்று பதில் வந்தது. கழுத்தில் ஏறி அமர்ந்து உடலியல் பாடம் நடத்துகிற வாத்தியார் வேறெந்த நாட்டில் கிடைப்பார்? பணியில் இல்லாத தீயணைப்பு வீராங்கனை ஒருவர் நாடி பாருங்கள் என்று கெஞ்சியபோது, நடைபாதைக்குப் போ என்று விரட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் வந்து நாடி பார்த்த பிறகும் முழங்கால் எழுந்திருக்கவில்லை. உடனிருந்த புதிய காவலர் ஒருவருக்கு சாவின்தான் தொழில் பழக்கிக்கொடுத்த அதிகாரி. பாடம் நன்றாகவே நடந்திருக்கிறது.

இந்த அமர இலக்கியத்தைக் கெடுத்தது ஒரு பள்ளிக்கூடப் பெண். ஒன்பது வயது உறவுக்காரச் சிறுமிக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுக்க அந்தக் கடைக்கு வந்த டார்னெல்லா ஃபிரேஸியருக்கு அப்போது வயது 17. கையில் இருந்த போனை உயர்த்திப் பிடித்தார். அன்றிரவு அந்த வீடியோ வெளியானது. பின்னாளில் புலிட்சர் குழு அவருக்குத் தனிப் பாராட்டு வழங்கியது. சாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறை. நீதி வென்றது என்று கைதட்டியவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். அந்தப் பெண்ணின் போனில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தால் வென்றிருப்பது மருத்துவக் கோளாறு.

இரண்டாம் பரிசு, கென்டக்கி மாநிலத்து லூயிவில் காவல்துறைக்கு. வெற்றுத்தாள் உத்தியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். 2020 மார்ச் 13 நள்ளிரவு தாண்டி, பிரியானா டெய்லர் என்ற 26 வயது மருத்துவமனை ஊழியரின் வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்தார்கள். திருடர்கள் என்று நினைத்து அவருடைய காதலர் ஒரு முறை சுட, பதிலுக்கு இவர்கள் சுட்டுத் தள்ளினார்கள். பிரியானா இறந்துபோனார். சம்பவ அறிக்கையில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் காலி. காயம் என்ற இடத்தில்: இல்லை. கதவு உடைக்கப்பட்டதா? இல்லை. இந்தக் கதைக்கு முன்கதையும் உண்டு. சோதனை வாரண்ட் வாங்க எழுதிய பிரமாணப் பத்திரத்திலேயே பொய் சேர்த்ததாக ஒரு பெண் அதிகாரி 2022-இல் ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே மாநில கிராண்ட் ஜூரி ஓர் அதிகாரிமீது மட்டும் குற்றம் சாட்டியிருந்தது. எதற்கு? அவருடைய குண்டுகள் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்ததற்கு. சுவருக்கு நியாயம் கேட்க ஆள் இருந்தது.

மூன்றாம் பரிசு, நகைச்சுவைப் பிரிவில், ஓஹியோவின் கிளீவ்லண்ட் நகருக்கு. 2014 நவம்பரில் ஒரு பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்த டாமிர் ரைஸுக்கு வயது 12. புகார் சொன்னவரே அது பொம்மையாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தத் தகவல் போலீஸ்காரர்களுக்குப் போகவில்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். தம்பியிடம் ஓடிவந்த 14 வயது அக்காவைத் தரையில் வீழ்த்தி, விலங்கு மாட்டி, காரில் அடைத்தார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. பையன் தன்னைக் காத்துக்கொள்ள உரிய கவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்று நகர நிர்வாகம் பதில் மனு தாக்கல் செய்தது. பிறகு அவனை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸுக்கு 500 டாலர் பாக்கி என்று கோரியது. இரண்டுக்கும் பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். சுட்டவர்மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. 2017-இல் அவர் வேலையை இழந்தது வேலை விண்ணப்பத்தில் பொய் எழுதியதற்காக. ஆக, அங்கே பொய் எழுதுவது குற்றம்தான், தப்பான படிவத்தில் எழுதினால்.

ஆறுதல் பரிசு பஃபலோ நகருக்கு. ஃபிளாய்டுக்காக நடந்த போராட்டத்தில், 2020 ஜூன் 4 அன்று, 75 வயது முதியவர் ஒருவர் தடுக்கி விழுந்து காயமடைந்ததாகக் குறிப்பு வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தள்ளியதும், மண்டை உடைந்து காதில் ரத்தம் வழிந்ததும் வீடியோவில் வந்தன. விழுந்தவர் வெள்ளையர். கறுப்பர்களுக்காகத் தெருவில் நின்றால் தோலின் நிறமும் காப்பாற்றாது போலிருக்கிறது. தள்ளிய இருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ததும், அவர்களுடைய கலவரத் தடுப்புப் படையில் இருந்த 57 பேரும் மனம் புண்பட்டு அந்தப் படையிலிருந்து விலகிக்கொண்டார்கள். லாக்கப் குளியலறையில் மட்டும் எப்படி இத்தனை பேர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்கிறார்கள் என்று வியந்து பழகிய நம்மூர் வாசகர்களுக்கு இந்த நடை புதிதல்ல.

வாழ்நாள் சாதனையாளர் விருது நீதிமன்றங்களுக்கு. காவலர்மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், இதே மாதிரிச் செயல் சட்டவிரோதம் என்று முன்பே தெளிவாகத் தீர்ப்பாகியிருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் அவருக்கு விலக்கு. 1967-இல் உச்ச நீதிமன்றம் நட்ட செடி இது. டென்னசியில் கையை உயர்த்தி உட்கார்ந்திருந்தவர்மீது போலீஸ் நாயை ஏவினார்கள். சரணடைந்து படுத்திருந்தவர்மீது நாயை ஏவியது தவறு என்று முந்தைய தீர்ப்பு ஒன்று இருந்தது. ஆனால் இவர் உட்கார்ந்தல்லவா இருந்தார்! போலீஸ்காரருக்கு விலக்கு. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தொடவே மறுத்தது 2020 ஜூனில், தெருவெல்லாம் ஃபிளாய்டின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தபோது. அடுத்த முறை யாராவது நின்றுகொண்டு கடிபட்டால் அதற்கும் புதுச் சட்டம் பிறக்கக் காத்திருக்க வேண்டும்.

விழாச் செலவை யார் ஏற்பது? ஃபிளாய்ட் குடும்பத்துக்கு 2.7 கோடி டாலர், டெய்லர் குடும்பத்துக்கு 1.2 கோடி, ரைஸ் குடும்பத்துக்கு 60 லட்சம். எல்லாம் ஊர்ப் பணம். கொன்றவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டாலர் போகவில்லை. செத்தவரின் அக்கம்பக்கத்தார் கட்டிய வரியிலிருந்து போனது.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுக் கொதித்தெழுந்தவர்களுக்கு ஒழுக்க வகுப்பு எடுக்கப் பலர் வந்தார்கள். போராடுங்கள், ஆனால் அமைதியாக என்றார்கள். 2016-இல் காலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தேசிய கீதத்தின்போது வாய் திறக்காமல் மண்டியிட்டார். அதைவிட அமைதி ஏது? அடுத்த பருவத்திலிருந்து எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2020 ஜூனில் ஜனநாயகக் கட்சித் தலைவர்களே கானா நாட்டுக் கென்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் மண்டியிட்டார்கள். எதிர்முகாமில் டிரம்ப், வெள்ளை மாளிகை அருகே கூட்டத்தைக் கண்ணீர்ப்புகை வகையறாவால் கலைத்துவிட்டு வந்து, தேவாலய வாசலில் பைபிளைத் தூக்கிக் காட்டினார். இரண்டுமே நல்ல புகைப்படங்கள். ஃபிளாய்டின் பெயரிலான காவல்துறைச் சீர்திருத்த மசோதா செனட்டில் முடங்கியது. கறுப்பர் உயிரும் முக்கியம் என்று வாஷிங்டன் சாலையில் மஞ்சளில் எழுதிய முழக்கத்தை 2025 மார்ச்சில் பெயர்த்தெடுத்தார்கள். மினியாபொலிஸ், லூயிவில் காவல்துறைகளைச் சீர்திருத்தும் ஒப்பந்தங்களைக் கைவிடப்போவதாக மத்திய நீதி அமைச்சகம் அதே ஆண்டு மே மாதம் அறிவித்தது, ஃபிளாய்டின் ஐந்தாம் நினைவு நாளுக்குச் சில தினங்கள் முன்பு.

ஒரு சீர்திருத்தம் மட்டும் சுறுசுறுப்பாக நடந்தது. விலகிப்போ என்று சொன்ன பிறகு போலீஸ்காரருக்கு 25 அடிக்குள் வருவது குற்றம் என்று இந்தியானா 2023-இலும், ஃபுளோரிடாவும் லூசியானாவும் 2024-இலும் சட்டம் போட்டன. சிலவற்றை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. ஆனாலும் எண்ணம் தெளிவு. முழங்காலை நகர்த்த முடியாது, கேமராவை நகர்த்தலாம்.

1980 முதல் 2018 வரை அமெரிக்கப் போலீஸ் வன்முறையில் இறந்தவர்கள் சுமார் 30,800 பேர் என்று 2021-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் 17,100 பேரின் மரணம் அரசுப் பதிவேட்டில் போலீஸ் கணக்கில் ஏறவேயில்லை. அத்தனையும் வேறேதோ காரணம். அவற்றில் எத்தனை, யாரும் படம் பிடிக்காத, எதிர்ப்பின்றி அச்சேறிய கதைகளோ!

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு விழாவை முடித்துக்கொள்வோம். அடுத்த குறிப்பும் உங்கள் மேசைக்கு வரும், நடை சுத்தமாக இருக்கும். போலீஸ் தரப்பு சொன்னதற்குப் பக்கத்தில், நேரில் பார்த்தவர் சொன்னதும் வரும்வரை அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்தக் கதைக்கு நீங்களும் இணை ஆசிரியர்.