சீயக்காய் மிஷினும் காமாக்சின் டப்பாவும்

எங்கள் பாட்டி அரைத்து வைக்கும் சீயக்காய்த் தூளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் வீட்டில் சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும். சீயக்காய், பச்சைப்பயறு, ஒரு கைப்பிடி வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். முற்றத்தில் பழைய பாயை விரித்துக் காயவைத்து, திருக்கழுக்குன்றத்து மாவு மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அரிசி அரைக்கும் மிஷினில் இதைப் போட விடமாட்டார்கள். ஓரமாகத் தனி மிஷின் ஒன்று இருக்கும். அதில் கொட்டி அரைத்து முடிவதற்குள் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிடும். எண்பதுகளின் தொடக்கம் வரை எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் வெள்ளிக்கிழமை தலைக்குளியல் இந்தத் தூளில்தான்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அந்தக் காலம் பொற்காலமாகத் தெரியும். அதே பாட்டிதான், பள்ளிக்கூடத்திலிருந்து பேனோடு வந்த எங்கள் தலையில் காமாக்சின் பவுடரைக் கொட்டித் தேய்த்து, பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டி, விடியும்வரை அப்படியே தூங்கச் சொன்னார். வயலில் பூச்சிக்குத் தூவ வாங்கியதில் மிச்சம் அது. அம்மா முணுமுணுத்தால், "சர்க்காரே வந்து வூட்டுக்குள்ள மருந்து அடிச்சிட்டுப் போறான், இதுல என்னாடி கெடுதல் வரப்போவுது?" என்பார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலேரியா ஒழிப்புக்காரர்கள் வந்து டிடிடி அடித்துவிட்டு, அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. அந்த மருந்து எத்தனையோ உயிர்களை மலேரியாவிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அது மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் பல ஆண்டுகள் தங்கும் என்று பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இந்தியாவில் விவசாயத்தில் டிடிடிக்கு 1989இல் தடை வந்தது. காமாக்சின், அதாவது பி.எச்.சி., 1997இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மண்டைத் தோல் அதை உறிஞ்சியிருந்தது.

நாட்டு மருந்தும் விதிவிலக்கு இல்லை. பச்சைக் குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவாத வீடு எங்கள் தெருவில் இல்லை. வசம்பு எண்ணெய் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியது என்பதால் அமெரிக்கா 1968லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை விதித்தது.

பாட்டி வீட்டில் கடையில் வாங்கி வைத்த ஆபத்து ஒரே ஒரு டப்பாவில் இருந்தது. இன்று செங்கல்பட்டில் என் மகள் வீட்டுக் குளியலறை அலமாரியில் வரிசையாகப் புட்டிகள் நிற்கின்றன. ஒரு ஷாம்பு புட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடுகைவிடச் சின்ன எழுத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் 'வாசனை' என்று ஒரு பெயர். அந்த ஒரு பெயருக்குள் பல வேதிப்பொருள்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் தயாரிப்பவருக்கு இல்லை. தோல் அரிப்போடு வரும் ஒருவர் எதை நிறுத்துவது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

கிருமியைக் கொல்லும் என்று சொல்லி சோப்புகளில் டிரைக்ளோசானைச் சேர்த்தார்கள். சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அது கூடுதலாக எதையும் செய்வதாகத் தயாரித்தவர்கள் நிரூபிக்கவில்லை, நெடுங்காலம் பூசுவது பாதுகாப்பானது என்றும் காட்டவில்லை என்று கூறி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் அதையும் சேர்த்து 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து நீக்கச் சொன்னது.

கொசுவர்த்தி இன்னும் கவலை தருகிறது. சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்து வெளிவிடும் அளவுக்குச் சமம். கதவைச் சாத்திவிட்டுக் கைக்குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். பாட்டி மாலையில் போட்ட நொச்சிப் புகையும் நெஞ்சுக்கு நல்லதில்லைதான். கொசுவலைக்கு மட்டும்தான் புகையே கிடையாது.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது சிவப்பழகு கிரீம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயிலேயே அரிதான ஒரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை, இத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம் தடுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. கண்ணுக்குப் போடும் மைபோன்றவை தவிர மற்ற அழகுப் பொருள்களில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகள். விதி இருக்கிறது. தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாக்களும் கடையில் இருக்கின்றன.

காலம் இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கிறது. பழசு என்று நாம் ஒதுக்கிய சீயக்காயும் பச்சைப்பயறும் கடலைமாவும், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அழகுச் சிகிச்சை என்ற பெயரில் நல்ல விலைக்குத் திரும்பி வந்துவிட்டன. காட்டு மூலிகையை அறிந்த இருளர் பெண்கள் 1986இல் செங்கல்பட்டு மாவட்டத்துத் தண்டரையில் தங்களுக்கென ஒரு நலச் சங்கம் கண்டார்கள். மூலிகைத் தோட்டம் போட்டு மருந்தும் பொடியும் செய்கிறார்கள். செடியைக் கையால் பறித்தவரிடமே விவரம் கேட்டு வாங்கலாம். டப்பாவில் 'ஹெர்பல்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப முடியாது. மருதாணி செக்கச் செவேல் என்றுதான் பிடிக்கும். நிமிடங்களில் கன்னங்கரேல் என்று பிடித்தால் அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கும். அது சிலருக்குத் தோலையே கொப்பளிக்க வைக்கும்.

ஆகவே பழசா புதுசா என்று பார்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போம். பதில் இல்லாத பொருளை வாங்காமல் இருப்போம். வாங்கியதையும் பார்த்துப் பயன்படுத்துவோம். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். பாச்சை உருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைத் துவைத்துக் காயவைக்காமல் கைக்குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் இரத்த அணுக்களையே உடைக்கும்.

எங்கள் தெருக்களில் இன்றும் பினாயிலும் ஆசிட்டும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கப்படுகின்றன. லேபிள் கிடையாது, எச்சரிக்கை கிடையாது, தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது குடிக்கும் பாட்டில்தான். ஆசிட் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013லேயே கட்டுப்பாடு விதித்தது. லேபிள் இல்லாத அந்தப் பாட்டிலை வாங்க மறுப்பது நம் கையில் இருக்கிறது. விற்க விடாமல் தடுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் இதை முதலில் செய்து காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.